பிரிக்காத பொட்டலங்கள்

காலையில் அந்தக் குடியிருப்பில் பித்தளை மணி அடித்தால் யாரும் பள்ளிக்கூடத்தை நினைப்பதில்லை, பக்கெட்டைத் தேடுவார்கள். மூன்று பிளாக், பிளாக்குக்கு நான்கு மாடி. பாதித் தூக்கத்தோடு வீட்டுக்கு ஒருவர் மூடி போட்ட பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் இறங்குவார். அங்கே கையில் மணியோடு நிற்பவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவள் மணியக்கா.

பின்பக்கம் என்பது முன்பெல்லாம் யாரும் எட்டிப் பார்க்காத இடம். உடைந்த பீங்கான், துருப்பிடித்த கட்டில், யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு என்று கிடக்கும். குப்பை எல்லாம் முன்வாசலில் ஒரு பெரிய இரும்புத் தொட்டியில் சேரும். லாரி வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. வராத நாட்களில் நாய்கள் அந்த வேலையைப் பார்த்தன. மணியக்காவுக்குப் பொறுமை எப்போதுமே கொஞ்சம் தட்டுப்பாடு. ஒருநாள் அவள் வீட்டு முட்டை ஓடுகளை அவள் கண்முன்னாலேயே ஒரு நாய் வாசலெங்கும் பரப்பி வைத்தது. அன்றைக்கே கிளம்பிவிட்டாள். நான்காவது மாடித் தையல்காரம்மாவைக் கூட்டுச் சேர்த்து, புருஷனை மிரட்டிச் செங்கல் இறக்கவைத்து, பின்பக்கத்தைச் சுத்தம் செய்து மூன்று தொட்டிகள் கட்டினாள். காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவர்கள். ஒரு தொட்டி நிரப்ப, ஒன்று வேக, ஒன்று ஆற.

வேக என்றால் உண்மையாகவே வேகத்தான். ஈரக் குப்பைமேல் சருகு, சருகின்மேல் ஈரக் குப்பை என்று அடுக்கிக்கொண்டே போனால், சில நாளில் குவியலின் வயிற்றுக்குள் சூடு பிடித்துவிடும். மணியக்கா ஒரு நீள இரும்புக் கம்பியை நடுவில் குத்தி, கொஞ்ச நேரம் பொறுத்து உருவி, நுனியைத் தொட்டுப் பார்ப்பாள். கை சுட்டுச் சட்டென்று எடுத்தால் அன்றைக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. கை சுடவில்லை என்றால் அவள் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசைக்கு வரும் நோயாளிகள் பாடு திண்டாட்டம்தான்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு வந்து, சொந்த பிளாக்கின் லிஃப்ட் நின்றுபோனால் மட்டும் படியேறிப் போகிற மனிதர். பெண்டாட்டியின் குப்பை விஷயத்தில் தலையிடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தார். நல்ல முடிவு.

இந்த வேலையில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பக்கம் உண்டு. தினமும் ஒரு வீட்டுப் பக்கெட்டைக் கவிழ்த்துப் பார்க்கிறவளுக்கு அந்த வீட்டுக்குள் போகவே வேண்டாம். இரண்டாவது மாடி ஆசிரியர் தம்பதிக்குள் மனஸ்தாபம் என்றால் காய்கறித் தோல் இருக்காது. கடை ரொட்டியின் ஓரங்கள்தான் இருக்கும். உடம்பைக் குறைக்கிறேன் என்று ஊரெல்லாம் வெள்ளரிக்காய்ப் பெருமை பேசும் வங்கிக்காரரின் பக்கெட்டில் கேக் துண்டு கிடக்கும். விருந்தாளி வந்ததும் தெரியும், போனதும் தெரியும், போனபிறகு வீட்டில் யாரும் சமைக்கத் தெம்பில்லாமல் படுத்துவிட்டதும் தெரியும். ஒருமுறை தையல்காரம்மா வங்கிக்காரரின் கேக்கைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது மாடிவரை கேட்டுவிட்டது. அன்றைக்குத்தான் மணியக்கா ஒரு சட்டம் போட்டாள்.

"பக்கெட்டுல பார்த்தது பக்கெட்டோட போச்சு. வெளிய வந்துச்சுன்னா நாளைக்கு ஒருத்தரும் பக்கெட் கொண்டு வரமாட்டாங்க, சொல்லிட்டேன்."

எல்லோருக்கும் கேட்கும்படி, கையில் மணியை ஆட்டிக்கொண்டே சொன்னாள். சட்டம் போட்டவள் அவள்தான். அதை மீறிய முதல் ஆளும் அவளேதான்.

மீறியது சொந்த மகள் விஷயத்தில். மகளுக்குக் கல்யாணமாகி அதே குடியிருப்பில் எதிர் பிளாக், மூன்றாவது மாடி. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மாப்பிள்ளைக்கு அச்சகத்தில். கூப்பிடு தூரம்தான். ஆனாலும் மகள் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டுகிற பெண் இல்லை. கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. ஆகவே மணியக்கா மகளைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பாதி பக்கெட் வழியாகத்தான். ஒரு வாரம் அந்தப் பக்கெட்டில் பிழிந்த எலுமிச்சைகளாக வந்தன. இஞ்சித் தோல் வந்தது. ஒரு வாய் கடித்து வைத்த ரொட்டி வந்தது. தேயிலைச் சக்கை மட்டும் வரவே இல்லை. டீ இல்லாமல் கண் திறக்காத பெண் அவள்!

மணியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியொரு சந்தோஷம். கல்யாணமாகி ஆறு வருஷம், யாரிடமும் வாய்திறந்து கேட்க முடியாமல் காத்திருந்த செய்தி. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. சொல்ல உரிமையுள்ள இன்னொரு ஜீவன் யார் என்று யோசித்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"சம்பந்தி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ஆனா நம்ம வீட்டுல விசேஷம்."

சம்பந்தியம்மா சொல்லாமல்தான் இருந்தார். ஆனால் மறுநாளே இரண்டு பை நிறையப் பழங்களோடு மகன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கதவைத் திறந்த மருமகளைக் கட்டிப்பிடித்து அழுதார். கூடவே இரண்டு அத்தைமார்களும் வந்திருந்தார்கள்.

விசேஷம் எதுவும் இல்லை. மகள் குழந்தைக்காக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள், புருஷனைத் தவிர யாருக்கும் தெரியாமல். ஊசிகளால் வந்த குமட்டல்தான் அந்த எலுமிச்சையும் இஞ்சியும். அந்தச் சுற்றும் பலிக்கவில்லை என்று டாக்டர் சொன்னது, சம்பந்தியம்மா பழப் பையோடு வருவதற்கு முந்தின நாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் அம்மா வீட்டுக்கு வந்தாள். எலுமிச்சையும் இஞ்சியும் யார் கண்ணில் பட்டிருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் குப்பையைக் கிளறி என் வயித்தை ஊருக்குச் சொன்னியா?"

"நான் சந்தோஷத்துலதான்டி..."

"யாரோட சந்தோஷத்துல? எனக்கு என்னன்னு என்கிட்ட கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா?"

லிஃப்ட் மெக்கானிக் எழுந்து "உட்காரும்மா" என்றார். மகள் உட்காரவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். அதற்குப்பிறகு அம்மாவோடு பேச்சு வார்த்தை நின்றுபோனது. வாசலில் எதிர்ப்பட்டால் போனைக் காதில் வைத்துக்கொள்வாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும்.

பக்கெட் மட்டும் நிற்கவில்லை. மகள் சின்ன வயதிலிருந்தே முறை தவறாதவள். ஆனால் இப்போது பக்கெட்டை மாப்பிள்ளை கொண்டுவந்தார். உள்ளே குப்பை இல்லை, பொட்டலம் இருந்தது. அச்சகத்தில் மிஞ்சிய தடித்த காலண்டர் தாளில் மடித்து, சணல் கயிற்றால் இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்ட பொட்டலம். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே வைத்துவிட்டு நகர்ந்தார்.

இங்கேதான் சிக்கல். பொட்டலம் கட்டிப் போடக்கூடாது என்பது தொட்டியின் அரிச்சுவடி. காற்றுப் படாமல் கட்டிவைத்தது மக்காது, அழுகும். அழுகினால் நாறும். முதல் வருஷம் பாதிப்பேர் பொட்டலம் கட்டித்தான் கொண்டு வந்தார்கள். மணியக்கா ஒவ்வொருவரையும் நிற்கவைத்து, அவர்கள் கையாலேயே பிரிக்கவைத்து, ஒரு பாட்டம் திட்டி அனுப்பினாள். ஆசிரியரே திட்டு வாங்கியிருக்கிறார். வங்கிக்காரர் வாங்கிய திட்டுக்கு அவர் வேறு குடியிருப்பு தேடிப் போகாததுதான் ஆச்சரியம்.

முதல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு மணியக்கா வெகுநேரம் நின்றாள். பிரிக்க வேண்டும். பிரித்தால் பார்க்க வேண்டும். பார்த்தால் அவள் மூளை சும்மா இருக்காது. தோலையும் சக்கையையும் கூட்டிக் கழித்து ஒரு கதை சொல்லிவிடும். மகள் எதற்காக இரட்டை முடிச்சுப் போட்டிருக்கிறாள் என்பது தெரியாத முட்டாள் இல்லை அவள். பொட்டலத்தை அப்படியே குவியலின் நடுவில், சூடு அதிகமாக இருக்கும் இடத்தில் வைத்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கம்பியால் நாலு குத்துக் குத்தினாள். மேலே சருகைக் கொட்டினாள்.

அடுத்த நாள் இன்னொரு பொட்டலம் வந்தது. அதற்கடுத்த நாளும்.

ஒருமுறை மாப்பிள்ளையிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, இந்தத் தாள் மக்காது. கெட்டித் தாள். சாதாரணத் தினசரித் தாளா இருந்தாக்கூடப் பரவாயில்ல..."

மாப்பிள்ளை மேலே மூன்றாவது மாடி ஜன்னலைப் பார்த்தார். "அத்தை, உங்களுக்கும் அவளுக்கும் நடுவுல என்னைப் போட்டு அரைக்காதீங்க. நான் கொண்டு வந்து வைக்கிறவன், அவ்வளவுதான்" என்று பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடியே போனார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

லிஃப்ட் மெக்கானிக் தன் முடிவைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"இங்க பாரு, நான் பிரிச்சுக் கொட்டிடறேன். நீ பார்க்க வேணாம். முடிஞ்சு போச்சு."

"நீங்க பார்த்தா? சாப்பிட உட்காரும்போது நானே உங்க வாயைக் கிளறி எல்லாத்தையும் வாங்கிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா?"

"சரி, அப்போ மொத்தமாத் தூக்கி லாரியில போடச் சொல்லு."

"என் பொண்ணு கொடுத்ததை லாரியிலயா?"

அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தலையிடுவதில்லை என்ற பழைய முடிவு எவ்வளவு நல்ல முடிவு என்று அவருக்குத் திரும்பப் புரிந்திருக்க வேண்டும்.

மகள் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்று: என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதே. வாயால் கேட்கவில்லை, முடிச்சால் கேட்டாள். அதையாவது செய்யாவிட்டால் நான் என்ன அம்மா என்று மணியக்கா நினைத்தாள். நினைத்ததில் தப்பில்லை. ஆனால் குவியலுக்கு அம்மா பிள்ளைப் பாசமெல்லாம் தெரியாது.

வாரம் ஒருமுறை குவியலைப் புரட்டிப் போட வேண்டும். வழக்கமாக அவளும் தையல்காரம்மாவும் சேர்ந்து, நீளப் பிடி போட்ட முள்மண்வெட்டியால் புரட்டுவார்கள். இப்போது மணியக்கா, "உனக்குத்தான் முதுகு வலியாச்சே, நீ அந்தத் தொட்டியைப் பாரு, இதை நான் பார்த்துக்கிறேன்" என்று தையல்காரம்மாவைத் தள்ளிவிட்டாள். புரட்டும்போது பொட்டலம் தட்டுப்பட்டால் முகத்தைத் திருப்பி இன்னும் ஆழமாகப் புதைத்தாள். தன் கையால் கட்டிய தொட்டியில் திருடி மாதிரி வேலை செய்வது அவளுக்கு அவமானமாக இருந்தது. அழவும் செய்தாள், சருகுத் தூசி கண்ணில் விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு.

மாதங்கள் போயின. கம்பி நுனி சுடாமல் வந்தது. பிறகு ஜில்லென்று, கறுப்பாக ஏதோ பிசுபிசுப்போடு வந்தது. பிறகு வாடை வந்தது. அழுகிய முட்டை வாடை.

முதலில் மோப்பம் பிடித்தவர் கீழ்வீட்டு வக்கீல். பிடிக்காமல் என்ன செய்வார், அவர் சமையலறை ஜன்னல் தொட்டிகளைப் பார்த்துத்தான் இருந்தது. தொட்டி கட்டும்போதே "இது ஒருநாள் நாறும்" என்று எழுதிக் கொடுத்தவர். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, நாறும்வரை காத்திருந்தவர்தான். காலை உணவை ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

"மணியம்மா, நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டேன்" என்றார். "சனிக்கிழமை நீங்க உரம் சலிச்சுப் பங்கு போடுறீங்கல்ல? அன்னைக்கு எல்லாரும் இருப்பாங்க. எல்லார் முன்னாடியும் அந்தத் தொட்டியைத் திறந்து காட்டுங்க. சரியா இருந்தா நான் வாயை மூடிக்கிறேன். இல்லன்னா பழையபடி லாரிக்குச் சொல்லிடுவோம். இந்தத் தொட்டியெல்லாம் இடிச்சுடுவோம்."

"திறக்கிறேன்" என்றாள் மணியக்கா. வேறென்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமைக்கு முன்னால் அவளுக்குப் போதிய நேரம் இருந்தது. யாரும் இல்லாத ஒரு மத்தியானம் போய்ப் பொட்டலங்களைத் தோண்டி எடுத்துப் பிரித்து, காலண்டர் தாளை அப்புறப்படுத்தி, சருகு கலந்து புரட்டியிருந்தால் வாடை பாதி குறைந்திருக்கும். தையல்காரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கொடுத்திருப்பாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மணியக்கா தொட்டி வரைக்கும் போனாள். ஒரு பொட்டலத்தை எடுத்துக் கையிலும் வைத்துக்கொண்டாள். முடிச்சின் மேல் கட்டைவிரல் வந்துவிட்டது. மேலே மூன்றாவது மாடி ஜன்னலில் யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அவளைத் தடுத்தது. பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் போனாள்.

சனிக்கிழமை சாக்கும் பூந்தொட்டியுமாகப் பாதிக் குடியிருப்பு பின்பக்கம் கூடிவிட்டது. பங்கு போடும் நாளில் சலிப்பதற்கு நான்கு வீட்டிலிருந்து முறைவைத்து ஆள் வர வேண்டும். அன்றைக்கு எதிர் பிளாக் மூன்றாவது மாடியின் முறை. மாப்பிள்ளைக்கு அச்சகத்தில் அவசர வேலை. ஆகவே மகளே வந்திருந்தாள். சல்லடையின் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மா நிற்கும் திசை தவிர எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் தொட்டி உரம் நன்றாக வந்திருந்தது. காப்பித்தூள் நிறம். மழை பெய்த மண் வாசனை. சாக்குகள் நிரம்பின. "இது சரிதான்" என்றார் வக்கீல். "நான் சொன்னது அது" என்று அடுத்த தொட்டியைக் காட்டினார்.

தையல்காரம்மா தொட்டியின் வாயை அடைத்திருந்த முன்பலகையைக் கழற்றினாள். வாடை முகத்தில் அடித்தது. பூந்தொட்டி வைத்திருந்தவர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். தையல்காரம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு முள்மண்வெட்டியை உள்ளே விட்டு ஒரு புரட்டுப் புரட்டினாள். பற்களில் ஒரு பொட்டலம் மாட்டிக்கொண்டு வந்தது. கறுத்து, ஊறி, ஆனால் மடிப்புக் கலையாமல், கயிறு அவிழாமல். இன்னொரு புரட்டு. இரண்டு பொட்டலங்கள். பிறகு கீழே கொத்துக் கொத்தாக.

"இதென்ன தொட்டியா, தபாலாபீஸா?" என்றார் வக்கீல். சிலர் சிரித்தார்கள்.

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மணியக்கா, பொட்டலம் கட்டிப் போட்டதுக்கு என்கிட்ட மூணு நாள் பேசாம இருந்தவங்க நீங்க. இத்தனை எப்படி உள்ள வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்."

"அது தெரியுது. யார் வீட்டுது?"

"யார் வீட்டுதா இருந்தா என்ன? வாங்கினது நான், போட்டது நான். என் தப்பு."

"பிரிச்சுப் பார்க்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒண்ணைக் கூடவா?"

"ஒண்ணைக் கூட இல்ல" என்றாள் மணியக்கா.

வக்கீலுக்கு அவ்வளவு போதும். "இதுக்குத்தான் சொல்றேன். ஒரு ஆளை நம்பி இத்தனை வீட்டுக் குப்பை இருக்கக்கூடாது. லாரியைத் திரும்பக் கூப்பிடலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

வங்கிக்காரர் கை உடனே மேலே போனது, பழைய கணக்கு. பிறகு ஆசிரியர் தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்தே தூக்கினார்கள். பின்னால் இன்னும் சில கைகள். மணியக்கா அவற்றை எண்ணவில்லை. எதிர் பிளாக் மூன்றாவது மாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் பழி இடம் மாறிவிடும். லாரி வந்தால் வரட்டும், இடித்தால் இடிக்கட்டும் என்று நின்றாள். செங்கல்லைத்தானே இடிப்பார்கள்.

சல்லடை தரையில் விழும் சத்தம் கேட்டது.

மகள் தொட்டிக்கு முன்னால் வந்து குந்தினாள். ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தாள். காலண்டர் தாளில் பாதி அழிந்த தேதிகள் இன்னும் தெரிந்தன. கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தான் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் முடிச்சு இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. அம்மா எப்படியும் பிரித்துப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள், பார்த்துவிட்டுப் போகட்டும், நான் மூடிக்கொடுத்தேன் என்பது உறைத்தால் போதும் என்றுதான் இத்தனை மாதமும் கட்டிக் கொடுத்திருந்தாள்.

"இது எங்க வீட்டுது" என்றாள், வக்கீலைப் பார்த்து.

"நீ சும்மா இரு" என்றாள் மணியக்கா.

"எங்க வீட்டுதுதான் சார். நான்தான் கட்டிக் கொடுத்தேன். பிரிக்கக்கூடாதுன்னு முடிச்சுப் போட்டதும் நான்தான்."

"ஏம்மா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"எங்கம்மா படிச்சிடுவாங்கன்னு."

யாரும் சிரிக்கவில்லை. பழப் பை வந்த கதை குடியிருப்பில் தெரியாதவர்கள் இல்லை. ஆசிரியரின் மனைவி கையை இறக்கினாள். புருஷனின் கையையும் பிடித்து இறக்கிவிட்டாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வாதாட ஒன்றும் அகப்படாதபோது அவர் செய்கிற காரியம் அது.

"இதெல்லாம் பிரிச்சு சருகு போட்டா வாடை போயிடுமா?" என்று தையல்காரம்மாவைக் கேட்டார்.

"ஒரு வாரத்துல போயிடும்."

"போகலன்னா லாரிதான்" என்றார். ஜன்னலைச் சாத்தப் போவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கூட்டம் சாக்குகளோடு மெல்லக் கலைந்தது. தையல்காரம்மா, கேட்காமலே, சருகு மூட்டை கொண்டு வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். போனவள் உடனே திரும்பவில்லை. விவரமானவள்.

மகள் முதல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஊறிப்போன சணல், நகம் போட்டால்தான் வரும்.

"விடு, கையெல்லாம் நாறும்" என்றாள் மணியக்கா.

"நாறட்டும்."

மணியக்காவும் குந்தினாள். இருவரும் ஆளுக்கொரு பொட்டலமாகப் பிரித்தார்கள். உள்ளே உருத்தெரியாமல் கறுத்துக் கூழாகிப் போனவைதான் இருந்தன. எது எலுமிச்சை, எது வெங்காயத் தோல் என்று யாராலும் சொல்ல முடியாது. மணியக்கா அப்போதும் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொட்டினாள். மகள் அதைப் பார்த்தாள்.

"அம்மா."

எத்தனை மாதம் கழித்து அந்தச் சொல்! மணியக்கா தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"நாங்க டாக்டர்கிட்ட போறதை நிறுத்திட்டோம்."

மணியக்காவின் கையில் ஒரு முடிச்சு பாதி அவிழ்ந்து நின்றது.

"ரெண்டு மாசமாச்சு. இனிமே வேணாம்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம். என்னால முடியல. உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு இருந்துச்சு. ஆனா உன்கிட்டதான் பேசறதில்லையே."

மணியக்காவுக்கு ஆயிரம் கேள்விகள் வந்தன. எந்த டாக்டர், என்ன சொன்னார், வேறு டாக்டரைப் பார்க்கக்கூடாதா, சம்பந்திக்குத் தெரியுமா, ஏன், எப்படி. எல்லாம் நாக்கு நுனிவரை வந்து வரிசையில் நின்றன. அத்தனையையும் விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் விழுங்கியதிலேயே கஷ்டமானது அதுதான். பிறகு முகத்தைத் திருப்பி மகளை நேராகப் பார்த்தாள்.

"உனக்கு எப்படிடி இருக்கு?" என்று கேட்டாள்.

மகளின் உதடு கோணியது. அழுதாள். புறங்கையால் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாள். மணியக்காவும் அழுதாள், இந்தத் தடவை சருகுத் தூசி என்று சொல்லவில்லை. பிறகு மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அடுத்த பொட்டலத்தை மடியருகே இழுத்து வைத்து, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். மணியக்கா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பொட்டலங்கள் தீர்ந்துபோயின. மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.